பூட்டிய சுற்றுக்கு நாம் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் செல்பவர்கள், அவ்வட்டாரத்து டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையை அறிவார்கள். ஐபோனின் புறக்கூடுகள் அங்கே உருவாகின்றன. ஐபோன்கள் 2017 முதல் எச்.இ.வி.சி. என்ற முறையில் வீடியோ பதிவு செய்கின்றன. அந்த வீடியோவை இயக்க ஒரு புத்தம்புதிய மடிக்கணினி திணறக்கூடும் என்றால் நம்புவீர்களா?

ஓடும் படத்தில் அடுத்தடுத்த காட்சிகள் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கும். மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொண்டு படத்தைச் சுருக்குவதும், பின்னர் விரிப்பதும் கோடெக்கின் வேலை. 2013-ல் வகுக்கப்பட்ட எச்.இ.வி.சி., 2003-ன் எச்.264 முறையைவிட ஏறக்குறைய பாதித் தரவிலேயே அதே தெளிவைத் தரும். ஆனால் அதற்குக் கணக்கீடு மிகுதி. ஆகவே இன்டெல் நிறுவனம் 2015 முதல் தன் செயலிகளுக்குள்ளேயே இதற்கெனத் தனிச் சுற்று அமைத்தது.

எச்.பி. நிறுவனமோ 2024-ல் தன் 200, 400, 600 வரிசைகளைச் சேர்ந்த சில மடிக்கணினிகளில் இவ்வசதியை முடக்கிவிட்டது. டெல் நிறுவனமும் சில அடிப்படை மாதிரிகளில் அவ்வாறே செய்தது. சுற்று உள்ளே இருக்கிறது, வேலை செய்யாது. அதன் பணியை மென்பொருள் வழியே செயலி சுமக்கும்போது வெப்பம் கூடும். பாட்டரி விரைவில் தீரும்.

காரணத்தை நிறுவனங்கள் விளக்கவில்லை. எனினும் ஐயம் காப்புரிமைக் கட்டணத்தின் மீதே விழுகிறது. பெருமளவில் விற்போர்க்கு அமெரிக்காவில் ஒரு கருவிக்கு 20 சென்ட்டாக இருந்த ஒரு கட்டணம், 2026 சனவரி முதல் 24 சென்ட்டாகும் என அறிவிக்கப்பட்டது. நம் பணத்தில் ஏறத்தாழ 20 ரூபாய்!

கண்டுபிடித்தவருக்கு ஊதியம் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் 2014, 2015, 2017 என அடுத்தடுத்து மூன்று உரிமக் குழுக்கள் தோன்றித் தனித்தனியே கட்டணம் கேட்டது முறைதானா? அதைவிடப் பெரிய குறை விற்பவருடையது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குபவரிடம் இச்செய்தியை முகப்பில் சொல்லாமல், விவரக் குறிப்பின் மூலையில் ஒரு வரியாக அடக்கியது நேர்மையன்று.

2018-ல் வெளியான ஏவி1 முறையை அதை உருவாக்கிய கூட்டமைப்பு கட்டணமின்றி வழங்குகிறது. அதன்மீதும் சிலர் உரிமை கோருகின்றனர் என்றாலும், அது நல்ல மாற்றுவழியே.

மாணவ நண்பர்களே, மடிக்கணினி வாங்குமுன் நினைவகம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். எச்.இ.வி.சி., ஏவி1 இரண்டையும் வன்பொருளே விரிக்குமா என்று கேளுங்கள். விடையை விவரக் குறிப்பில் காட்டச் சொல்லுங்கள்.