குழந்தைகளின் நலத்தை அளக்கும் ஏணி

ஐரோப்பாவிலும் கனடாவிலும் உள்ள பள்ளிகள் பலவற்றில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாணவர்களிடம் ஒரு வினாத்தாள் கொடுக்கப்படுகிறது. அதில் ஓர் ஏணியின் படம் இருக்கும். உச்சிப் படி 10. அது அந்த மாணவனுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. அடிப்படி 0, மிக மோசமான வாழ்க்கை. இப்பொழுது எந்தப் படியில் நிற்பதாக நினைக்கிறாய் என்பது கேள்வி. 11, 13, 15 வயதுப் பிள்ளைகள் ஓர் எண்ணில் குறியிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். அரை நிமிட வேலைதான். ஆனால் அந்தக் குறிகள் ஒன்று சேர்ந்து நாடுகளின் தரவரிசையாகின்றன. நாளேடுகளின் தலைப்புச் செய்தியாகின்றன. அமைச்சர்கள் அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஆய்வு 1982-இல் இங்கிலாந்து, பின்லாந்து, நார்வே நாட்டு ஆய்வாளர்கள் சிலரால் தொடங்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் விரைவிலேயே அதில் சேர்ந்துகொண்டது. 2021-22 சுற்றில் 44 நாடுகளையும் பகுதிகளையும் சேர்ந்த ஏறத்தாழ 2,80,000 பிள்ளைகள் விடையளித்தனர். இதன் பின்னணியிலுள்ள கருத்து சிறந்தது. நோயைத் தீர்ப்பது மட்டும் மருத்துவமனையின் வேலை. நலம் என்பது மக்கள் வாழும், கற்கும், உழைக்கும், விளையாடும் இடங்களில் உருவாவது. 1986-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய மாநாடு இக்கருத்தையே ஒரு சாசனமாக வெளியிட்டது. நலவாழ்வு மேம்பாடு என்னும் துறைக்கு அதுவே அடிப்படை. கருத்தில் எனக்குக் குறையில்லை. அளவீட்டைப் பற்றித்தான் சில ஐயங்கள் உண்டு.

குறை சொல்லுமுன் ஒரு நல்ல உத்தியைப் பாராட்டிவிட வேண்டும். குடும்பத்தின் வருமானம் எவ்வளவு என்று 11 வயதுப் பையனைக் கேட்டால் அவனுக்குத் தெரியாது. ஆகவே வீட்டில் கார் உண்டா, உனக்குத் தனி அறை உண்டா, கணிப்பொறிகள் எத்தனை, விடுமுறைக்கு எத்தனை முறை வெளியூர் போனீர்கள் என்று கேட்டார்கள். பிள்ளைக்குக் கட்டாயம் தெரிந்த செய்திகள் இவை. பின்னாளில் எல்லா வீட்டிலும் கணிப்பொறி வந்துவிடவே, பாத்திரம் கழுவும் இயந்திரத்தையும் குளியலறைகளின் எண்ணிக்கையையும் சேர்த்தார்கள். அளவுகோல் தேய்வதை உணர்ந்து அதை மாற்றியமைப்பது நல்ல ஆய்வாளரின் அடையாளம்.

இனி ஏணிக்கு வருவோம். இதை அமைத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில். 1965-இல் வெளிவந்த அவருடைய நூலில் இது விளக்கப்பட்டது. பெரியவர்களுக்காக ஏற்பட்ட ஏணியைப் பிற்காலத்தில் பிள்ளைகளுக்கும் சார்த்தினார்கள். இயற்பியல் மாணவருக்கு இதைப் பார்த்ததும் மோவின் கடினத்தன்மை அளவுகோல் நினைவுக்கு வரும். அதிலும் 10 வரை எண்கள் உண்டு. மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10, குருந்தத்துக்கு 9. (ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான்.) எது எதைக் கீறும் என்ற வரிசையை மட்டுமே இந்த எண்கள் காட்டுகின்றன. உண்மையான கடினத்தன்மையைக் கருவிகொண்டு அளந்தால், குருந்தத்துக்கும் வைரத்துக்கும் இடையிலுள்ள தூரம் மாக்கல்லுக்கும் குருந்தத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைவிடப் பெரிதாக இருக்கும். ஒரு மாக்கல்லையும் ஒரு வைரத்தையும் எடுத்துக்கொண்டு அவற்றின் சராசரிக் கடினத்தன்மை 5.5 என்று எழுதும் மாணவரின் ஏட்டை நாம் திருத்தாமல் விடுவோமா?

ஏணியிலும் அதே சிக்கல்தான். 4-ஆம் படியிலிருந்து 5-க்கு ஏறுவதும், 8-இலிருந்து 9-க்கு ஏறுவதும் ஒரே அளவு நலம் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதற்கும் மேலாக, 'உனக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை' எது என்பதை ஒவ்வொரு பிள்ளையும் தானே முடிவு செய்கிறது. ஒவ்வொருவர் கையிலும் அவரவரே கோடு கிழித்த வெப்பநிலைமானி ஒன்று இருக்கிறது எனலாம். ஒரு நாட்டில் எதையும் மிகைப்படுத்திச் சொல்வது மரியாதைக் குறைவு. இன்னொரு நாட்டில் குறை சொல்வது மரியாதைக் குறைவு. வினாத்தாளை எவ்வளவு கவனமாக மொழிபெயர்த்தாலும் இந்த வேறுபாடு மறையாது. பிறகு 6-ம் அதற்கு மேலும் குறித்தவர்கள் நிறைவானவர்கள், கீழே குறித்தவர்கள் அல்லர் என்று ஒரு கோடு கிழிக்கிறார்கள். ஏன் 6? ஏன் 7 இல்லை?

ஆனால் கோடு தவறாகக் கிழித்த வெப்பநிலைமானியும் அதே அறையில் காலைக்கும் மாலைக்கும் உள்ள மாற்றத்தைக் காட்டிவிடும். அதுபோல ஒரே நாட்டில், ஒரே வயதினரிடம், ஒரே கேள்வியை ஆண்டுதோறும் கேட்டால் கிடைக்கும் ஏற்ற இறக்கத்தை நம்பலாம். 2018-க்கும் 2022-க்கும் இடையில் 13, 15 வயதுப் பெண்களின் மனநலம் பல நாடுகளில் சரிந்திருப்பதாக இந்த ஆய்வு காட்டுவதை நான் ஏற்கிறேன். நாட்டையும் நாட்டையும் ஒப்பிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அந்த ஒப்பீடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2007-ஆம் ஆண்டு நிகழ்ந்ததே எடுத்துக்காட்டு. ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியம் 21 செல்வ நாடுகளின் குழந்தைகள் நலத்தை வரிசைப்படுத்தி ஓர் அறிக்கை வெளியிட்டது. நெதர்லாந்து முதலிடம், பிரிட்டன் கடைசி இடம். பிரிட்டனில் பெரிய கொந்தளிப்பு எழுந்தது. புள்ளிவிவரங்கள் பழையவை என்று அரசு கூறியது. பழையவைதாம், அவற்றுள் பல 2001-02-ஐச் சேர்ந்தவை. ஆனால் கணக்கிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது.

பொருள்வசதி, உடல்நலம், கல்வி, உறவுகள், பழக்கவழக்கங்கள், பிள்ளைகளின் சொந்த மதிப்பீடு என்று ஆறு துறைகள். ஒவ்வொன்றிலும் நாடு எத்தனையாவது என்று பார்த்து, அந்த இடங்களின் சராசரியைக் கொண்டு இறுதி வரிசை. பிரிட்டனின் இடங்கள் 18, 12, 17, 21, 21, 20. கூட்டினால் 109, ஆறால் வகுத்தால் 18.2. அதற்கு முந்திய இடத்தில் அமெரிக்கா: 17, 21, 12, 20, 20. ஐந்துதான் இருக்கின்றன! ஆறாவதான சொந்த மதிப்பீட்டுக்கு அமெரிக்காவில் தேவையான விவரம் இல்லை. கூட்டுத்தொகை 90; ஐந்தால் வகுக்க 18.0. அமெரிக்கப் பிள்ளைகளும் அந்தக் கேள்விகளுக்கு விடையளித்து, பிரிட்டிஷ் பிள்ளைகளுக்கும் ஒரு படி கீழே நின்றிருந்தால் 111-ஐ ஆறால் வகுக்க 18.5 வந்திருக்கும், கடைசி இடம் கைமாறியிருக்கும். நடக்காத ஓர் அளவீட்டின் பேரில் ஒரு நாடு கடைசியாயிற்று என்றே சொல்லலாம். ஆறு துறைகளும் சம எடையுள்ளவை என்று யார் முடிவு செய்தது என்ற கேள்வியை நான் எழுப்பவே இல்லை. அளவீட்டுடன் பிழையின் வரம்பையும் எழுத வேண்டும் என்று முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் சொல்லித் தருகிறோம். 18.0-க்கும் 18.2-க்கும் பிழையின் வரம்பைப் போட்டுப் பார்த்திருந்தால் அந்தத் தலைப்புச் செய்திகள் வந்திருக்குமா?

இந்தத் துறையிலேயே எண்களைக் கவனமாகக் கையாள்பவர்களும் உண்டு. கைப்பேசியும் கணிப்பொறியும் பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கின்றனவா என்ற வழக்கில் 2019-இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த அமி ஆர்பெனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் மூன்று பெரிய ஆய்வுகளிலிருந்து 3,55,358 பேரின் விடைகளை ஆராய்ந்தனர். எந்தக் கேள்விகளைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தேர்வுகளை மாற்றி மாற்றிப் போட்டால், ஓர் ஆய்வின் விவரங்களை மட்டுமே 60 கோடிக்கும் மேற்பட்ட வழிகளில் அலசலாம் என்று கண்டனர். தனக்கு வேண்டிய முடிவைத் தரும் வழியை ஒருவர் தேர்ந்துகொள்வது எவ்வளவு எளிது! அவர்கள் பல்லாயிரம் வழிகளில் கணக்கிட்டுப் பார்த்தனர். பிள்ளைகளின் நலத்தில் காணப்படும் வேறுபாட்டில் இக்கருவிகளோடு தொடர்புடைய பங்கு அதிக அளவாக 0.4 விழுக்காடே என்பது முடிவு. ஒட்டுறவுக் கெழுவாகச் சொன்னால் ஏறத்தாழ 0.06. உருளைக்கிழங்கு உண்பதற்கும் ஏறக்குறைய இதே அளவு 'தீய' தொடர்பு வந்தது. மூக்குக் கண்ணாடி அணிவதற்கு இதைவிடக் கூடுதலாகவே வந்தது.

இதைக் கேட்டு, கைப்பேசியால் ஒரு கேடும் இல்லை என்று முடிவு கட்டுவோரும் அவசரப்படுகிறார்கள். வாயுவின் வெப்பநிலை அதன் மூலக்கூறுகளின் சராசரி இயக்கத்தைச் சொல்லும். ஒரு மூலக்கூறு எந்த வேகத்தில் பறக்கிறது என்பதைச் சொல்லாது. சராசரியில் 0.06 என்பது, நூற்றில் இருவர் கடுமையாகத் துன்புறுவதோடு முரண்படுவதில்லை. தவிர, எத்தனை மணி நேரம் திரையைப் பார்த்தோம் என்பதையும் பிள்ளைகளே நினைவிலிருந்து சொன்னார்கள்.

வினாத்தாளோடு நில்லாமல் சோதனையும் செய்து பார்த்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் 85 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிப் பள்ளிகளில் மனத்தை நிகழ்காலத்தில் நிறுத்தும் பயிற்சியைப் பத்துப் பாடங்களாகக் கற்பித்தனர்; மற்றவற்றில் வழக்கமான பாடமே நடந்தது. 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பங்கேற்றனர். 2022-இல் முடிவு வெளியாயிற்று: பயிற்சி பெற்றவர்களின் மனநலம் மற்றவர்களைவிட மேம்படவில்லை. பெரும்பாலோர் வீட்டில் பயிற்சியைச் செய்யவே இல்லை. முன்பே மனத்தளர்ச்சியின் விளிம்பில் இருந்த சிலருக்கு இப்பயிற்சி உகந்ததன்று என்ற ஐயத்தையும் ஆய்வாளர்கள் எழுப்பினர். பல ஆண்டு உழைப்புக்குப் பின் வந்த இந்த விடையை அவர்கள் மறைக்காமல் அச்சிட்டார்கள். தரவரிசைப் பட்டியல்களைவிட இந்த ஓர் 'இல்லை' எனக்கு மிகுந்த பயனுடையதாகத் தோன்றுகிறது. எந்தப் பள்ளியும் அந்தப் பத்துப் பாடவேளைகளை வேறு எதற்குச் செலவிடலாம் என்று இனி யோசிக்கலாமே.