இல்லாத நூலின் திரைவடிவம்: பேரழிவுப் புனைவும் கோலார் தங்கவயலும்

ரோமன் யாகப்சன் 1959இல் வெளியிட்ட கட்டுரையில் மொழிபெயர்ப்பை மூவகையாகப் பகுத்தார். ஒரு மொழிக்குள்ளேயே நிகழ்வது ஒன்று; இரு மொழிகளுக்கிடையே நிகழ்வது மற்றொன்று; மொழிக் குறிகளிலிருந்து மொழியல்லாக் குறிகளுக்குச் செல்வது மூன்றாவது. நாவல் திரைப்படமாவதை மூன்றாம் வகையில் அடக்குவது வழக்கம். எனினும் திரைப்படம் மொழியை முற்றிலும் கைவிடுவதில்லை. எவருக்குப் பேச்சு, எவருக்கு மௌனம், கதை கூறும் குரல் எவருடையது என்று மொழியை மறுபங்கீடு செய்கிறது. உலகமே அழிந்தபின் எஞ்சியோரைப் பற்றிய புனைவுகளில் இப்பங்கீடு மிகுந்த விளைவு உடையது. அங்கு மொழியும் அழிவுக்கு உட்பட்ட பொருள்களுள் ஒன்றாகிவிடுகிறது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கார்மாக் மெக்கார்த்தியின் 'தி ரோட்' (2006). சாம்பல் மூடிய நாட்டில் ஒரு தந்தையும் மகனும் தெற்கு நோக்கி நடக்கின்றனர். இருவருக்கும் பெயரில்லை. பேரழிவின் காரணம் கூறப்படுவதில்லை. உரையாடல்களுக்கு மேற்கோள்குறி இல்லை. பொருள்கள் மறையுந்தோறும் அவற்றைச் சுட்டும் சொற்களும் ஒவ்வொன்றாக நினைவினின்று உதிர்வதை நாவல் ஓரிடத்தில் வெளிப்படையாகவே பேசுகிறது. பறவை இல்லாத உலகில் பறவைப் பெயர் எத்தனை நாள் நிற்கும் என்பதே அதன் உள்ளுறை வினா.

இந்நாவலைத் தமிழாக்க முனைவோர் முதல் பக்கத்திலேயே இரு இடர்களை எதிர்கொள்வர். முதலாவது, பெயரற்ற அந்தத் தந்தையை 'அவன்' என்பதா, 'அவர்' என்பதா என்பது. ஆங்கிலப் பெயர்ச்சொல் மரியாதை காட்டுவதில்லை. தமிழ் வினைமுற்றோ அதனைக் காட்டாமல் முடிவதில்லை. மகன் தந்தையை 'நீ' என்பானா, 'நீங்கள்' என்பானா என்பதும் இதனுடன் சேரும். சமுதாயமே இல்லாத உலகில் சமுதாய உறவைக் காட்டும் விகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை இது. இரண்டாவது இடர் நுட்பமானது. மேற்கோள்குறி நீக்கத்தால் ஆங்கிலத்தில் பேச்சும் எடுத்துரைப்பும் ஒன்றோடொன்று கரைகின்றன. தமிழில் உரையாடலைப் பேச்சுவழக்கிலும் எடுத்துரைப்பை எழுத்து வழக்கிலும் அமைக்கும் மரபு இருப்பதால், குறியை நீக்கினும் எல்லை நீங்குவதில்லை. இரட்டை வழக்கே மேற்கோள்குறியின் பணியைச் செய்துவிடுகிறது. இரண்டையும் எழுத்து வழக்கிலேயே அமைத்தால் கரைவு கிட்டும். ஆனால் சிறுவனின் பேச்சு பாடநூல் வாசகமாகிவிடும்.

ஜான் ஹில்கோட் இயக்கி 2009இல் வெளிவந்த திரைவடிவத்தில் இச்சிக்கல் வேறு உருப்பெறுகிறது. திரைக்கதை எழுதிய ஜோ பென்ஹால் எடுத்துரைப்பின் சில பகுதிகளைத் தந்தையின் பின்னணிக் குரலாக மாற்றினார். நாவலில் எவருக்கும் சொந்தமற்று, மனிதர் மறைந்த பின்னும் ஒலிப்பது போன்றிருந்த குரல் படத்தில் ஓர் உடலுக்கு, ஒரு நடிகருக்கு உரியதாகிறது. நாவலில் சில பக்கங்களில் முடிந்துவிடும் மனைவியின் பகுதி நினைவுக் காட்சிகளாக விரிவுபெறுகிறது. மலையோடை மீன்களைப் பற்றிய நாவலின் இறுதிப் பத்தி படத்தில் இல்லை. ஒரு பாத்திரத்தின் வாய்க்குள் அடங்காத அந்தப் பத்தியைத் தவிர்த்தது நேர்மையான முடிவே எனலாம். மெக்கார்த்தியின் சாம்பல் நிறத்தைப் படம் பிசகின்றிக் காட்டுகிறது; சொற்கள் உதிர்வதை அதனால் காட்ட இயலவில்லை. அழிந்ததைக் காட்டும் படிமம் உண்டு. மறந்துபோன பெயரைக் காட்டும் படிமம் இல்லை.

அப்படத்தின் களங்களும் நோக்கத்தக்கவை. பென்சில்வேனியாவில் கைவிடப்பட்ட நெடுஞ்சாலையிலும், 2005ஆம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிந்தைய லூசியானாவிலும், எரிமலை வெடித்த செயிண்ட் ஹெலன்ஸ் மலைப்பகுதியிலும் காட்சிகள் எடுக்கப்பட்டன. கற்பனைப் பேரழிவுக்கு உண்மை அழிவுகள் பின்புலமாயின.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கத்தொழில் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் நிறுத்தப்பட்டது. 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம், 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் என அதன் கணக்குகள் பெரியவை. தங்கம் பிரித்தபின் கொட்டப்பட்ட கழிவுமண் 3 கோடி டன்னுக்கு மேல். ஊரார் 'சயனைடு மேடு' எனக் குறிப்பிடும் இம்மண்மலைகளில்தான் பிரசாந்த் நீல் இயக்கிய 'கே.ஜி.எஃப்' கன்னடப் படத்தின் சுரங்கக் காட்சிகள் அமைந்தன. முதற்பகுதி 2018 டிசம்பரிலும் இரண்டாம் பகுதி 2022 ஏப்ரலிலும் வெளிவந்தன.

இப்படம் எந்த நாவலின் தழுவலும் அன்று. ஆனால் தன்னைத் தழுவல் போலவே காட்டிக்கொள்கிறது. ஆனந்த் இங்களகி என்னும் இதழாளர் 'எல் டொராடோ' என்றொரு நூல் எழுதியதாகவும், அரசு அதனைத் தடைசெய்து படிகளை அழித்ததாகவும், எஞ்சிய ஒரு படியைக் கொண்டு தொலைக்காட்சியினர் அவரை நேர்காண்பதாகவும் கதை கட்டமைக்கப்பட்டுள்ளது. முழுப்படமும் இல்லாத நூலின் திரைவடிவம். நூல் மூலமாக இருந்திருப்பின் அது இருண்ட நூலாகத்தான் இருந்திருக்கும்: வெளியுலகறியாத 'நராச்சி', அடிமைகள், காவற்கோபுரங்கள், தப்பவியலாக் குழிகள். பேரழிவுப் புனைவின் உறுப்புகள் யாவும் அங்குள்ளன. ஆயினும் படம் இருண்ட படமாக அமையவில்லை. காரணம் கதைசொல்லியின் குரல். நாயகன் எதையும் செய்வதற்கு முன்பே இங்களகியின் சொற்கள் அவனைப் புராண உருவாக்கிவிடுகின்றன. 'தி ரோட்' நாவலில் குரல் துயரைக் காத்து நிற்கிறது. இங்கு குரல் துயரைத் துதியாக மாற்றுகிறது. அடிமைகள் இத்துதிக்கு அளவுகோல்களாக மட்டுமே தேவைப்படுகின்றனர். அவர்களது துன்பம் மிகுமளவு நாயகன் உயர்கிறான். பேச்சு அவர்களுக்கு மிகக் குறைவாகவே அளிக்கப்பட்டுள்ளது.

மொழியியலார்க்கு உரிய செய்தி இங்கேதான் தொடங்குகிறது. தங்கவயலின் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்று குடியேறியோர். அவர்களுள் பெரும்பகுதியினர் தலித்துகள். கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் ஆகியவற்றோடு தலைமுறைகளாக உறவாடிய ஒரு தமிழ் வழக்கு அங்கு உருவாயிற்று. மூலப்படத்தில் இத்தொழிலாளர் கன்னடம் பேசுகின்றனர். தமிழ்ப் பதிப்பு ஒலிச்சேர்க்கையின் வழியே வந்தபோது அவர்கள் மீண்டும் தமிழ் பேசலாயினர். ஆனால் அது எல்லா ஒலிச்சேர்க்கைப் படங்களுக்கும் பொதுவான திரைத்தமிழ். தமிழ் வழங்கும் ஓரிடம் திரையில் கன்னடத்துக்குப் பெயர்க்கப்பட்டு, பின் இடமற்ற தமிழுக்குப் பெயர்க்கப்பட்டது. இருமுறை பெயர்த்தபின் கிடைத்தது மூலம் போலவே தோன்றுவதால் இழப்பு கண்ணில் படுவதில்லை.

கன்னடப் படம் தன் மாநிலத்தில் உள்ள ஊரைத் தன் மொழியில் பேசவைத்தது குற்றமன்று; வணிகப் படத்திடம் கிளைமொழி ஆவணத்தை எதிர்பார்ப்பதும் பொருந்தாது. ஆனால் தமிழ்ப் பதிப்பின் உரையாசிரியருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. இங்களகியின் குரலை எழுத்து வழக்கிலும் நராச்சி மக்களின் சில சொற்களை அவ்வட்டார வழக்கிலும் அமைத்திருந்தால், இரட்டை வழக்கே விமரிசனமாகியிருக்கும். கதையை எழுதுவோன் ஒருவன், அதை வாழ்வோர் வேறு சிலர் என்பது செவிக்குப் புலனாகியிருக்கும். உதட்டசைவுக்குச் சொல்லைப் பொருத்தும் அவசரத்தில் இத்தகைய தேர்வுகள் எண்ணப்படுவதே அரிது.

வரலாற்றோடு ஒப்பிடின் முரண் கூர்மையாகிறது. படத்தின் கதை 1951இல் தொடங்குகிறது. உண்மையில் தங்கவயல் தொழிலாளர் 1930இலேயே கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தவர்கள். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது; 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. அரசுடைமையும் தொழிற்சங்கமும் நிலவிய காலத்தைப் படம் அடிமை முகாமாக்குகிறது. புனைவுக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் படம் கற்பிக்கும் 'எரிக்கப்பட்ட நூல்' பற்றி அவ்வளவு எளிதாகக் கூறிவிட இயலாது. தங்கவயல் உண்மையிலேயே தமிழ் நூல்கள் அச்சான ஊர். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கக் கிளை மாரிகுப்பத்தில் இயங்கியது. அவர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழை, அவர் மறைவுக்குப் பின் 1920களின் பிற்பகுதியில் அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து நடத்தினார். அயோத்திதாசரின் எழுத்துக்களை நூலாக்கியது அவ்வூர்ச் சித்தார்த்தா புத்தகசாலை. சுரங்கத் தொழிலாளர் தம் பணத்தில் தாமே அச்சிட்டுப் படித்த ஊருக்கு, வெளியிலிருந்து வந்த இதழாளர் ஒருவர் எழுதியளித்த நூல் கற்பிக்கப்பட்டுள்ளது. வாசகராயும் பதிப்பாளராயும் இருந்தோர் கதைப்பொருளாகிவிட்டனர்.

2024 ஆகஸ்டில் வெளிவந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' இதே நிலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்துக் காண்கிறது. வேலூர் வட்டார எழுத்தாளரான அழகிய பெரியவன் உரையாடல் எழுதினார். பேச்சு வட ஆர்க்காட்டு வழக்கைத் தழுவியது. அதன் தொன்மக் காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கதையை மறைக்கின்றன என்ற குறை நியாயமானது. சொற்கள் விளங்கவில்லை என்று பார்வையாளர் சிலர் கூறிய குறை வேறு வகையினது. திரைத்தமிழுக்குப் பழகிய செவியின் எல்லையை அது காட்டுகிறது. இன்னல் மிகுந்த அவ்வுலகில் மாந்தர் வசைபாடுகின்றனர், கேலி செய்கின்றனர், ஒருவரையொருவர் பெயர்சொல்லி அழைக்கின்றனர். அவர்களுக்காகப் பேசும் இதழாளர் எவரும் அங்கு இல்லை.