பார்வையாளரும் விண்ணப்பதாரரும்: தனிநபர் தரவுச் சட்டத்தின் மொழியும் வெள்ளக்கடை மலையாளி மக்களும்

ஆய்வுச்சுருக்கம்

இணையதளங்கள் வெளியிடும் தனியுரிமை அறிவிப்புகள் ‘பார்வையாளர்’ என்னும் ஒருவரை முன்னிறுத்தி எழுதப்படுகின்றன. சேர்வராயன் மலையின் வெள்ளக்கடை போன்ற ஊராட்சிகளில் வாழும் பழங்குடி மக்கள் அரசின் தரவுத்தளங்களுக்குள் விண்ணப்பதாரராகவே நுழைகின்றனர். இவ்வேறுபாட்டை 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பதையும், அதன் கலைச்சொற்கள் தமிழில் பெறும் பொருளையும் இக்கட்டுரை திறனாய்வு செய்கின்றது.

திறவுச்சொற்கள்: தனியுரிமை, தரவு, ஒப்புதல், மலையாளி பழங்குடியினர், சாதிச் சான்றிதழ், இ-சேவை மையம்.

அறிவிப்பு யாரை நோக்கிப் பேசுகின்றது?

மாவட்ட நிருவாகங்களின் இணையதளங்கள் பெரும்பாலும் தேசியத் தகவலியல் மையம் வழங்கும் பொது வார்ப்பில் அமைந்தவை. அவற்றின் தனியுரிமைக் கொள்கையும் ஒரே வார்ப்பினதே. தளத்தைப் பார்ப்பவரிடமிருந்து தனிப்பட்ட தகவல் எதுவும் தானாகத் திரட்டப்படுவதில்லை; இணைய நெறிமுறை முகவரி, உலாவியின் வகை, வருகையின் நாளும் நேரமும், பார்த்த பக்கங்கள் ஆகியன மட்டும் பதிவாகும்; தளத்தைச் சிதைக்கும் முயற்சி கண்டறியப்பட்டாலன்றி இவை தனிநபருடன் பொருத்தப்படமாட்டா. இவ்வளவே அதன் சாரம். இதில் பொய் இல்லை. ஆயினும் மாவட்டத்தின் சுற்றுலாப் பக்கத்தைப் புரட்டிவிட்டு வெளியேறும் ஒருவருக்கே இது பொருந்தும். ஏற்காட்டிற்கு வருபவரைப் போலவே இணையதளத்திற்கு வருபவரும் இங்குப் ‘பார்வையாளர்’ எனப்படுகின்றார்.

பார்வையாளரின் தரவும் எப்போதும் இவ்வளவு இலேசாக விடப்படுவதில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் எனச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அம்மலைகளின் தாங்குதிறனை அறிய நடைபெறும் ஆய்வுக்கு வாகன எண்ணிக்கை தேவை என்பதே நோக்கம். எண்ணிக்கை அறியப் பெயரும் கைபேசி எண்ணும் தங்குமிடமும் எதற்கு என்னும் வினா எழுப்பத்தக்கது. எனினும் பாஸ் எடுக்க விரும்பாதவர் பயணத்தைத் தவிர்க்கலாம். அந்த ஆணையில் ஏற்காடு இடம்பெறவில்லை. இங்குச் சிக்கல் வேறு இடத்தில் உள்ளது.

வெள்ளக்கடை, சேலம் மாவட்டத்தின் ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தைச் சார்ந்த ஊராட்சி. சேர்வராயன் மலையின் தொல்குடியினரான மலையாளி மக்களுக்கு அரசின் தரவுத்தளத்தில் நுழைவதைத் தவிர்க்கும் வாய்ப்பு இல்லை. சாதிச் சான்றிதழ் இன்றிக் கல்வி உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை, வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு இல்லை. இ-சேவை மையத்தில் முதலில் கேன் எண் பெறவேண்டும். அதற்குப் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, முகவரி, ஆதார், கைபேசி எண் ஆகியன பதியப்படுகின்றன. தட்டச்சு செய்பவர் மையப் பணியாளர்; கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை வாய்விட்டுச் சொல்பவர் விண்ணப்பதாரர். திரையில் என்ன எழுதியிருந்தது என்பதை அவர் பார்ப்பதே அரிது. சட்டம் ‘தெளிவான உடன்பாட்டுச் செயல்’ என வரையறுப்பது நடைமுறையில் ஆறு இலக்கங்களை உரக்கச் சொல்லுதல் என்று ஆகிவிடுகின்றது.

ஒரு சான்றிதழில் அடங்கிய தரவு

மலையாளி மக்களைப் பொறுத்தவரை முகவரி என்பது அஞ்சல் சேர்வதற்கான குறிப்பு மட்டுமன்று. தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினர் பட்டியலில் ‘மலையாளி’ என்னும் பெயர் மாவட்ட வரம்புடனேயே இடம்பெற்றுள்ளது. தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகியவையே அவ்வரம்பு. ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையில் வாழும் அதே பெயருடைய மக்கள் தம்மையும் சேர்க்குமாறு நெடுங்காலமாகக் கோரி வருகின்றனர். ஆக, எந்த மலையில் பிறந்தார் என்பதே ஒருவர் பழங்குடியினரா அல்லரா என்பதைத் தீர்மானிக்கின்றது. இப்பிரிவினருக்கான சான்றிதழை வட்டாட்சியரன்றி வருவாய்க் கோட்டாட்சியரே வழங்குவதால் விசாரணையும் நீளும். தந்தையின் சான்று, உறவினரின் சான்று, பள்ளிப் பதிவு என ஒரு குடும்பத்தின் வரலாறே கோப்பாகித் தரவுத்தளத்தில் ஏறுகின்றது. சமவெளியில் பொதுப்பிரிவைச் சார்ந்த ஒருவர் வாழ்நாள் முழுவதும் அரசுக்குத் தராத அளவு குடும்பச் செய்தியை இம்மலையின் பத்தாம் வகுப்பு மாணவி ஒரே விண்ணப்பத்தில் தந்துவிடுகின்றாள்.

நீதியரசர் ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் அளித்த வரைவும் 2019இல் நாடாளுமன்றத்தில் அறிமுகமான மசோதாவும் சாதி, பழங்குடி குறித்த தகவலை ‘நுண்ணுணர்வுத் தரவு’ என்று தனியே பிரித்து, அதற்குக் கூடுதல் காப்பு அளித்திருந்தன. அம்மசோதா 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அப்பகுப்பு முற்றிலும் இல்லை. ஒருவரது மின்னஞ்சல் முகவரியும் அவரது பழங்குடி அடையாளமும் இன்று சட்டத்தின் முன் ஒரே எடையுடையவை. சட்டத்தை எளிமையாக்கும் நோக்கில் செய்யப்பட்ட இந்நீக்கத்தின் இழப்பு எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. சாதியைச் சொல்லியே உரிமை பெறவேண்டியவர் மீதே அது மிகுதியாக விழுகின்றது.

மொழி உரிமையும் அதன் எல்லையும்

தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒன்பது நீதிபதிகள் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் வழியே வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5, 6ஆம் பிரிவுகள், அறிவிப்பையும் ஒப்புதல் வேண்டுகோளையும் ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் தெரிவு தரப்படவேண்டும் என்கின்றன. தமிழுக்கு இது நல்ல செய்தியே. 2025 நவம்பரில் வெளியான விதிகளும் தெளிவான எளிய மொழியை வலியுறுத்துகின்றன. இவ்வேற்பாடுகள் நடைமுறைக்கு வர அன்றிலிருந்து 18 மாதங்கள் ஆகும்.

ஆனால் 7ஆம் பிரிவு வேறொரு வழியைத் திறக்கின்றது. மானியம், நலன், சேவை, சான்றிதழ், உரிமம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றிற்காக முன்னரே அரசிடம் ஒப்புதல் அளித்தவரின் தரவை, பிறிதொரு நலனுக்காக மீண்டும் கேளாமலே அரசு கையாளலாம். அரசு அறிவிக்கை செய்யும் பதிவேட்டில் உள்ள தரவாயின் அந்த முதல் ஒப்புதலும் வேண்டியதில்லை. விண்ணப்பதாரரை அலையவிடாமல் நலனைச் சேர்ப்பிக்க இது உதவும் என்பதை மறுக்கவியலாது. ஏற்காட்டிற்கு இறங்கி ஏறும் பேருந்துச் செலவை அறிந்த எவரும் அதை எள்ளமாட்டார். ஆயின் ஒருமுறை மட்டுமே கேட்கப்படும் வினா எம்மொழியில் கேட்கப்பட்டது என்பது முன்னினும் பன்மடங்கு முதன்மை பெறுகின்றது. மொழித் தெரிவை வலியுறுத்தும் பிரிவுகளோ ஒப்புதல் கேட்கப்படும் தருணத்துடன் நின்றுவிடுகின்றன. இதனைச் சட்ட வரைவாளரின் கவனக்குறைவு என்று கொள்வதினும், ஒப்புதலை ஒரு நிகழ்வாக மட்டும் காணும் பார்வையின் விளைவு எனக் கொள்வதே பொருந்தும்.

கலைச்சொற்களின் நிழல்

‘தரவு’ என்னும் சொல் தமிழாய்வாளருக்குக் கலிப்பாவின் முதல் உறுப்பாக அறிமுகமானது. தருதலின் அடியாகப் பிறந்த இச்சொல், கொடுத்தவர் ஒருவர் உண்டு என்பதைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது; இவ்வகையில் இது நல்ல ஆக்கம். ‘ஒப்புதல்’ அவ்வாறன்று. அலுவலக வழக்கில் நிருவாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல் என்பன மேலிருப்பவர் கீழிருப்பவர்க்கு வழங்குபவை. காவல்துறை வழக்கில் ஒப்புதல் வாக்குமூலம் என்பது குற்றத்தை ஏற்றல். விண்ணப்பதாரர் அரசுக்கு ஒப்புதல் தருகின்றார் என்னும் தொடர் இவ்விரு வழக்குகளுக்கும் முரணாக நிற்பதால், அது காதில் விழுந்தாலும் பொருள் ஏறுவதில்லை. ‘இசைவு’ என்பது விருப்பத்தின் சாயலுடையது. ‘சம்மதம்’ என்பதோ வீட்டிலும் ஊர்க்கூட்டத்திலும் புழங்குவது. ‘சம்மதமா’ என்று கேட்டால் இல்லை எனச் சொல்லும் வாய்ப்பும் உடன் நினைவிற்கு வரும்.

‘தனியுரிமை’, ‘அந்தரங்கம்’ ஆகியவற்றுள் முன்னது ஒருவருக்கே உரிய சலுகை என்னும் பொருளையும் பின்னது மறைக்கத்தக்கது என்னும் பொருளையும் தருகின்றன. அகத்திணை மாந்தரின் பெயரைச் சுட்டலாகாது என்னும் தொல்காப்பிய மரபைக் காட்டித் தமிழரிடம் இவ்வுரிமை தொன்றுதொட்டே இருந்தது எனச் சிலர் வாதிடக்கூடும். செய்யுள் மரபு ஒன்றைக் குடிமகனின் உரிமையாக ஏற்றுவது மிகைக்கூற்று. எனினும் பெயர் நீங்கினும் உணர்வு நிற்கும் என்ற அம்மரபின் தெளிவு, எண்ணிக்கை அறிய அடையாளம் கேட்கும் படிவங்களுக்கு ஓர் எதிர்ச்சான்றாகலாம்.

சட்டத்தின் ஆங்கில மூலம் தனிநபரைப் பெண்பால் சுட்டுப்பெயரால் குறிக்கின்றது. இந்தியச் சட்ட வரைவில் இது புதுமை எனப் போற்றப்பட்டது. தமிழில் அது ‘அவர்’ என்றாகிக் கரைந்துவிடும். தமிழ் இதில் இழப்பது ஏதுமில்லை.

பாதுகாப்பு தவறும்போது

தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்தில் அத்துமீறல் நிகழ்ந்த செய்தி 2024 மே மாதம் வெளியாயிற்று. அரசுத் தரவு கசிவது கற்பனை அச்சமன்று. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் எனச் சட்டம் கூறுகின்றது. அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்லும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோர இடமளித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை இச்சட்டமே நீக்கிவிடுகின்றது. பொய்யான அல்லது அற்பமான முறையீடு செய்யும் தனிநபருக்கோ 10,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. முறையீடு அற்பமா அன்றா என்பதைத் தொலைவில் உள்ள வாரியம் தீர்மானிக்கும் நிலையில், மலையூர் ஒன்றின் கூலித் தொழிலாளி அவ்வாய்ப்பை எடுத்துப் பார்க்கத் துணிவாரா என்பது ஐயமே.

இச்சூழலில் மொழியாய்வு செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. சேர்வராயன் மலை மக்களின் பேச்சுத் தமிழுக்கும் அரசாணைத் தமிழுக்கும் இடையே தொலைவு மிகுதி; அறிவிப்பை எழுத்துத் தமிழில் பெயர்த்து ஒட்டுவதால் அது குறையாது. ஓ.டி.பி. கேட்கப்படுவதற்கு முன் மையப் பணியாளர் வாய்மொழியாகச் சொல்லவேண்டிய சிறு உரை ஒன்று அம்மக்களின் வழக்கிலேயே அமைக்கப்படலாம். எந்தெந்த விவரம் ஏறுகின்றது, அது இன்னும் எந்த அலுவலகங்களுக்குச் செல்லும், தவறாகப் பதிந்தால் யாரைக் கேட்பது, வேண்டாம் என்றால் சான்றிதழ் கிடைக்குமா கிடைக்காதா என்பவற்றை அது கூறவேண்டும். இவற்றுள் கடைசி வினாவிற்கு இன்றைய அறிவிப்புகள் எவற்றிலும் நேரடி விடை காண்பது கடினம்.