அரிஸ்டாட்டிலிடம் இணையதளம் கற்கிறேன்

இணையதள வடிவமைப்புக்கு எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: அரிஸ்டாட்டிலின் ‘ரெட்டரிக்’. கி.மு. 4ஆம் நூற்றாண்டில், ஏதென்ஸின் மக்கள் மன்றத்திலும் நீதிமன்றங்களிலும் பேச்சே எல்லாவற்றையும் தீர்மானித்த காலத்தில் பிறந்த பேச்சுக்கலை நூல். மூன்றே பாகங்கள். என் தொழிலைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பேசும் நூலை நான் வேறெங்கும் கண்டதில்லை!

பேச்சில் மூன்று உண்டு என்கிறார்: பேசுபவர், பொருள், கேட்பவர். இதில் பேச்சின் நோக்கத்தை நிர்ணயிப்பது கேட்பவர்தான். இந்த ஒன்று பிடிபட்டதும் முகப்புப் பக்கத்தை நான் பார்க்கும் விதமே மாறிப்போனது. நிறுவனரின் வாழ்த்துரை, தானாக நகரும் படங்கள் எல்லாம் பேசுபவருக்கானவை. வருபவர் எதைத் தேடி வந்தாரோ அது முதலில் நிற்க வேண்டும். 2012இல் பிரிட்டன் அரசு தன் சேவைகளைக் கவ்.யூகே என்ற ஒரே தளத்தில் திரட்டத் தொடங்கியபோது, பயனரின் தேவையிலிருந்து தொடங்கு என்பதையே முதல் கொள்கையாக வைத்தது. அடுத்த ஆண்டே லண்டன் டிசைன் மியூசியத்தின் உயரிய விருது அதற்குக் கிடைத்தது. அலங்காரமே இல்லாத தளத்துக்கு!

நம்பிக்கை எப்படிப் பிறக்கிறது என்று அவர் விளக்கும் இடம் இன்னும் அபாரம். பேசுபவரிடம் விவேகம், நேர்மை, கேட்பவர்மேல் நல்லெண்ணம் மூன்றும் தெரிய வேண்டும். தகவல் சரியாக இருப்பது விவேகம். அனுப்பும் செலவையும் சேர்த்து விலையை முதலிலேயே காட்டுவது நேர்மை. படிவத்தில் ‘தவறான உள்ளீடு’ என்று சிவப்பில் அதட்டாமல், ‘கைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது’ என்று சொல்வது நல்லெண்ணம். ஒரு வரிதான், படிவத்தைப் பாதியில் விட்டுப் போக இருந்தவரை அது நிறுத்திவிடும்.

இரண்டாம் பாகம் மனித உணர்ச்சிகளின் களஞ்சியம். கோபமோ அச்சமோ, எந்த மனநிலையில், யார்மேல், எதனால் வருகிறது என்று பிரித்துப் பிரித்துக் காட்டுகிறார். மருத்துவமனை முன்பதிவுப் பக்கத்தை வடிவமைக்கும்போது இந்தப் பகுதியைத்தான் திறந்து வைத்துக்கொள்வேன். அங்கே வருபவர் பயத்தோடு வருகிறார். அவருக்கு வேண்டியது அமைதியான நிறம், பெரிய எழுத்து, அடுத்து என்ன நடக்கும் என்ற தெளிவு.

கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லாமல் விடு, அவரே நிரப்பிக்கொள்வார் என்பதும் அவர் சொன்னதுதான். கூடைப் படத்தின் கீழே ‘இங்கே அழுத்தினால் நீங்கள் வாங்கியவை தெரியும்’ என்று எழுதவேண்டிய அவசியமே இல்லை!

மூன்றாம் பாகத்தில் அமைப்பைப் பற்றிச் சொல்வது என் மேசைமேல் ஒட்டி வைக்கத் தகுந்தது: பேச்சுக்கு இன்றியமையாத பகுதிகள் இரண்டே, சொல்ல வந்ததைச் சொல், பிறகு நிறுவு. இன்று என் எல்லாப் பக்கங்களும் அப்படித்தான் எழுகின்றன. மேலே ஒரு வாக்கியத்தில் உறுதிமொழி. கீழே அதற்கான ஆதாரங்கள்.

இதோடு பிளேட்டோவின் ‘பைட்ரஸ்’ உரையாடலையும் சேர்த்துப் படியுங்கள். எழுத்திடம் கேள்வி கேட்டால் அது சொன்னதையே திரும்பச் சொல்கிறது என்று சாக்ரடீஸ் அதில் குறைப்படுகிறார். தேடல் பெட்டியும் கேள்வி-பதில் பகுதியும் அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இருக்கின்றன. அடுத்த தளத்துக்கு மென்பொருளைத் திறக்கும் முன் இந்த இரண்டு கிரேக்கர்களையும் திறங்கள். வண்ணமும் எழுத்துருவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்!