கிளப்பை விற்க யாருடைய கையெழுத்து வேண்டும்?

கால்பந்து கிளப்பில் ரசிகருக்குப் பங்கு என்பது உலகில் மூன்று வடிவங்களில் நடைமுறையில் இருக்கிறது. முதலாவது, கம்பெனிப் பங்கை விலை கொடுத்து வாங்குவது. எத்தனை பங்கோ அத்தனை வாக்கு. இரண்டாவது, சந்தா கட்டி உறுப்பினராவது. இதில் பங்குப் பத்திரம் கிடையாது, ஆளுக்கு ஒரு வாக்கு உண்டு. மூன்றாவது, ரசிகர்கள் சங்கமாகச் சேர்ந்து, அந்தச் சங்கத்தின் பெயரில் கிளப்பின் பங்குகளை வைத்திருப்பது. விளையாட்டுப் பக்கங்களில் மூன்றும் ஒரே பெயரில் வலம் வருகின்றன. எது எந்த அளவுக்கு உண்மையான உடைமை என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: நாளை அந்த கிளப்பை விற்பதென்றால் யாருடைய சம்மதம் தேவை?

விழுப்புரம் மாவட்டத்துக் கரும்பு விவசாயிகளுக்கு இந்த வேறுபாடு பழக்கமானதுதான். பெரியசெவலையில் இருப்பது செங்கல்வராயன் கூட்டுறவு சர்க்கரை ஆலை. அங்கே பங்கு வைத்திருக்கும் விவசாயி அங்கத்தினர். ஒரு பங்கானாலும் பத்துப் பங்கானாலும் வாக்கு ஒன்றுதான். முண்டியம்பாக்கத்தில் இருப்பது தனியார் ஆலை. அங்கே விவசாயி கரும்பு கொடுப்பவர் மட்டுமே. உடைமையாளராக வேண்டுமானால் பங்குச் சந்தைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம். கால்பந்து உலகில் பார்சிலோனா முதல் ஆலையைப் போன்றது, மான்செஸ்டர் யுனைடெட் இரண்டாவதைப் போன்றது.

மான்செஸ்டர் யுனைடெட் 1991-ல் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஆயிரக்கணக்கான ரசிகர்கள் பங்கு வாங்கினார்கள். 1998-ல் ரூபர்ட் முர்டாக்கின் பிஸ்கைபி நிறுவனம் 62.3 கோடி பவுண்டுக்கு கிளப்பை வாங்க முன்வந்தது. சிறு பங்குதாரர்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். 1999 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு அந்த விற்பனையைத் தடுத்தது. ரசிகர் பங்குக்குக் கிடைத்த வெற்றியாக அது கொண்டாடப்பட்டது. உண்மையில் தடுத்தது போட்டி ஒழுங்குமுறைச் சட்டமே. ஆறு ஆண்டுகள் கழித்து, 2005-ல், அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் பெரிய பங்குதாரர்களிடமிருந்து வாங்கிக் குவித்தபோது சட்டம் எதிர்ப்பக்கம் நின்றது. ஒரு கம்பெனியைக் கையகப்படுத்துபவர் பத்தில் ஒன்பது பங்கு என்ற அளவை, அதாவது 90 சதவீதத்தை எட்டிவிட்டால், மிச்சம் இருப்பவர்களும் விலையைப் பெற்றுக்கொண்டு வெளியேறியாக வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். தாத்தா வாங்கி வைத்த ஒற்றைப் பங்குப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தவரும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். 2018-ல் ஸ்டான் குரோன்கி அர்சனலை முழுமையாக எடுத்துக்கொண்டபோதும் இதேதான் நடந்தது. யுனைடெட் 2012-ல் மீண்டும் பங்குச் சந்தைக்கு வந்தது, இம்முறை நியூயார்க்கில். பொதுமக்களுக்கு விற்ற பங்குக்கு ஒரு வாக்கு, குடும்பம் வைத்துக்கொண்ட பங்குக்குப் பத்து வாக்கு. விற்க யாருடைய சம்மதம் தேவை என்ற கேள்விக்கான பதிலை அந்த ஏற்பாடே எழுதிக் காட்டிவிடுகிறது.

உறுப்பினர் முறையில் இந்த அபாயம் குறைவு. வேறு அபாயங்கள் உண்டு. ஸ்பெயினின் 1990 விளையாட்டுச் சட்டம் பெரும்பாலான தொழில்முறை கிளப்புகளைக் கம்பெனிகளாக மாறச் சொன்னது. ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிக் பில்பாவ், ஒசாசுனா ஆகிய நான்கும் உறுப்பினர் கிளப்புகளாகவே தொடர்ந்தன. பார்சிலோனாவின் தலைவரை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2020-ல் தலைவர் பர்தோமேயுவுக்கு எதிராக 20,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கையெழுத்திட, நம்பிக்கையில்லா வாக்கெடுப்புக்கு முன்பே அவர் பதவி விலகினார். ஆனால் அவரை 2015-ல் தேர்ந்தெடுத்தவர்களும் இதே உறுப்பினர்கள்தான். அவர் விட்டுச்சென்ற கடன் மலையில்தான் 2021-ல் மெஸ்ஸியைப் பதிவுசெய்ய முடியாமல் கிளப் அவரை அனுப்பிவைத்தது. வாக்குரிமை கிளப்பை விற்காமல் காக்கும். வீண்செலவிலிருந்து காக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஜெர்மனி இரண்டையும் இணைத்துப் பார்த்தது. 1998-ல் தொழில்முறை அணிகளைக் கம்பெனிகளாகப் பிரிக்க அனுமதித்தபோது, வாக்குகளில் பாதிக்கு மேல் ஒன்றாவது தாய்ச் சங்கத்திடம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். இதுவே 50+1 விதி. பேயர் மருந்து நிறுவனத்தின் லெவர்குசனுக்கும் ஃபோக்ஸ்வாகனின் வோல்ஃப்ஸ்பர்குக்கும் விலக்கு தரப்பட்டது. 2009-ல் தொடங்கிய லைப்சிக், வாக்குரிமை உள்ள உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணும் அளவில் வைத்துக்கொண்டு விதியின் எழுத்தைக் காப்பாற்றி உயிரை எடுத்தது. பொருசியா டார்ட்மண்டு 2000-ல் ஒரு பங்கு 11 யூரோ என்று சந்தைக்கு வந்தது. 2005-ல் திவாலின் விளிம்புக்குப் போனது. அந்த நெருக்கடியிலும் அணி வெளியார் கைக்குப் போகவில்லை. நிர்வாகப் பொறுப்புள்ள கூட்டாளி நிறுவனம் முழுக்க உறுப்பினர் சங்கத்துக்குச் சொந்தம் என்பதே காரணம். சந்தையில் எவ்வளவு வாங்கினாலும் அதை அசைக்க முடியாது. 2024 பிப்ரவரியில் லீகின் ஒளிபரப்பு வருமானத்தில் முதலீட்டாளரைச் சேர்க்கும் திட்டத்துக்கு எதிராக ரசிகர்கள் மைதானங்களுக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். ஆட்டங்கள் நின்று நின்று நடந்தன. லீக் நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது.

சங்கம் வழியான உடைமை பெரும்பாலும் இடிபாட்டிலிருந்தே பிறக்கிறது. விம்பிள்டன் கிளப் மில்டன் கீன்ஸுக்கு இடம்பெயர 2002-ல் அனுமதி கிடைத்தபோது, கைவிடப்பட்ட ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கி ஒன்பதாம் அடுக்கிலிருந்து ஆடினார்கள். 2011-ல் தொழில்முறை லீகுக்குள் வந்தார்கள். 2020-ல் பிளோ லேனில் சொந்த மைதானத்துக்குத் திரும்பினார்கள். போர்ட்ஸ்மவுத்தை 2013-ல் மீட்ட ரசிகர்கள் ஆளுக்கு 1,000 பவுண்டு போட்டவர்கள். நான்கே ஆண்டுகளில், 2017-ல், அவர்களே வாக்களித்து அதை டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரின் நிறுவனத்துக்கு விற்றார்கள். மைதானத்தைப் பழுதுபார்க்கக்கூடத் தங்களிடம் பணம் இல்லை என்பதை உணர்ந்து எடுத்த முடிவு அது. அதைத் தோல்வி என்பது அவசரத் தீர்ப்பு. விற்கலாமா என்று அவர்களைத்தான் கேட்டார்கள். அவர்கள்தான் சரி என்றார்கள். எப்ஸ்ஃப்ளீட் யுனைடெட் கதைதான் உண்மையான எச்சரிக்கை. 2008-ல் இணையம் வழியாக 35 பவுண்டு கட்டிய பல்லாயிரம் பேர் சேர்ந்து அதை வாங்கினார்கள். அந்த ஆண்டே எஃப்.ஏ. டிராஃபியையும் அணி வென்றது. அடுத்தடுத்த ஆண்டுகளில் சந்தாவைப் புதுப்பித்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். 2013-ல் கிளப் கைமாறியது. உறுப்பினர்களில் பலர் அந்த மைதானத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

இந்தியாவில் உறுப்பினர் முறைக்கு நீண்ட வரலாறு கொல்கத்தாவில்தான். 1889-ல் தொடங்கிய மோகன் பகானும் 1920-ல் தொடங்கிய ஈஸ்ட் பெங்காலும் உறுப்பினர் சங்கங்கள். நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல் உண்டு. 1998-ல் விஜய் மல்லையாவின் யுபி குழுமம் வந்தபோது அணிகள் தனிக் கம்பெனிகளாயின. சட்டைகளில் மதுபானப் பெயர்கள் ஏறின. அதன்பிறகு இரண்டு கிளப்புகளின் கதையும் முதலீட்டாளரைத் தேடும் கதைதான். ஈஸ்ட் பெங்கால் 2018-ல் குவெஸ் நிறுவனத்துக்கு 70 சதவீதம் கொடுத்தது, பிறகு பிரிந்தது. 2020-ல் ஸ்ரீ சிமென்ட் வந்தது. இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் விளையாட்டு உரிமைகள் முழுவதும் போய்விடும் என்று கிளப் நிர்வாகம் மறுத்தது. அணி இந்தியன் சூப்பர் லீகில் (ஐஎஸ்எல்) ஆடாமல் போய்விடுமோ என்ற பயம் ரசிகர்களுக்கு. 2021 ஜூலையில் கிளப் அலுவலகத்துக்கு வெளியே கூடிய கூட்டத்தில் கையெழுத்துப் போடு என்றவர்களும் போடாதே என்றவர்களும் இருந்தார்கள். போலீஸ் தடியடியில் முடிந்தது. 2022-ல் இமாமி வந்தபிறகே மூச்சு விட முடிந்தது.

மோகன் பகானில் வேறு மாதிரி நடந்தது. 2020-ல் சஞ்சீவ் கோயங்காவின் ஆர்பிஎஸ்ஜி குழுமத்துக்கு 80 சதவீதம் போனது. அந்தக் குழுமத்தின் பழைய அணியான ஏடிகேயின் மூன்றெழுத்து நூற்றாண்டு கடந்த பெயரின் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதை எடுக்கச் சொல்லி ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் ஓயவில்லை. 2023 மார்ச்சில் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற இரவில் கோயங்கா பெயரை மாற்றுவதாக அறிவித்தார். ஏடிகே போய் சூப்பர் ஜயன்ட் வந்தது. போராடிய ரசிகர்களிடம் பங்கு எதுவும் இல்லை. சங்கத்தின் 20 சதவீதத்துக்கு அந்த முடிவை எடுக்கும் பலமும் இல்லை. சத்தம் வென்றது. ஆனால் சத்தத்துக்கு இணங்குவதும் இணங்காததும் உடைமையாளரின் விருப்பம். புதுப் பெயரிலும் அவருடைய முத்திரை இருக்கிறது.

தமிழ்நாட்டில் ரசிகர்கள் பங்கு வைத்திருக்கும் மிகப் பெரிய அணி கால்பந்து அணி அல்ல. இந்தியா சிமென்ட்ஸ் 2008-ல் 9.1 கோடி டாலருக்கு வாங்கிய சென்னை சூப்பர் கிங்ஸ், பிறகு தனி கம்பெனியாகப் பிரிக்கப்பட்டது. அதன் 10 பைசா முகமதிப்புள்ள பங்குகள் இந்தியா சிமென்ட்ஸ் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. சிமென்ட் லாபத்தை நம்பிப் பங்கு வாங்கிய ஓய்வூதியர்கள் ஒரு நாள் காலையில் தோனி அணியின் பங்குதாரர்கள் ஆனார்கள். பட்டியலிடப்படாத பங்குதான் என்றாலும் தரகர்கள் மூலம் கைமாறுகிறது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயைத் தாண்டியது. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ டிமேட் கணக்கு உள்ள எவரும் வாங்கலாம். ஆனால் யாரைத் தக்கவைப்பது, எந்த மைதானத்தில் ஆடுவது என்பதில் அந்தச் சிறு பங்குக்கு வேலை இல்லை. கட்டுப்பாடு நிறுவனர் குடும்பத்திடம். 2024 டிசம்பரில் இந்தியா சிமென்ட்ஸ் அல்ட்ராடெக்கின் கைக்குப் போனது, அணி போகவில்லை. முதலீடாகப் பார்த்தால் நல்ல பங்காக இருக்கலாம். ரசிகர் உடைமை என்று அதைச் சொல்வது மிகை.

கால்பந்தில் தமிழ்நாட்டின் அனுபவம் கசப்பானது. 2018-19 ஐ-லீகை வென்ற சென்னை சிட்டி எஃப்சி கோவை நேரு விளையாட்டரங்கில் ஆடியது. 2019-ல் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் அதில் 26 சதவீதம் வாங்கியது. 2020-21 பருவத்தோடு ஐ-லீகில் அதன் கதை முடிந்தது. கோப்பையைத் தந்த அணி காணாமல் போகும்போது கேட்க கோவை ரசிகர்களுக்கு ஒரு பொதுக்குழுகூட இல்லை. ஐஎஸ்எல்லில் ஆடும் ‘சென்னையின் எஃப்சி’யும் தனியார் உடைமைதான். அதன் ரசிகர் குழுக்களுக்கு உரிமை கேலரியோடு நிற்கிறது.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் கேள்வி வேறு. இங்கே விற்கும் அளவுக்குப் பெரிய கிளப் இல்லை. தொடங்கினால் எப்படித் தொடங்குவது என்பதே கேள்வி. ஆளுக்கு 500 ரூபாய் பங்கு என்று 2,000 பேரிடம் விற்றுவிடலாம் என்ற யோசனை சட்டத்தில் இடறும். தனியார் கம்பெனியில் 200 உறுப்பினர்களுக்கு மேல் கூடாது. ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்கு வாங்க அழைத்தால் அது பொது வெளியீடாகக் கருதப்பட்டு, அதற்குரிய விதிகள் அத்தனையும் வந்து சேரும். சகாரா குழுமம் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் மாட்டியது இந்த வகைச் சிக்கலில்தான்.

எளிய வழி 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். உறுப்பினர் எண்ணிக்கைக்கு 200 என்ற வரம்பு இல்லை. லாபத்தைப் பிரித்துக்கொள்ள முடியாது. கூட்டுறவுச் சங்கமாக, 1983 சட்டத்தின் கீழும் பதியலாம். ஆளுக்கு ஒரு வாக்கு என்பது அங்கே சட்டமாகவே உண்டு. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கூட்டுறவு நிறுவனங்களைப் பார்த்தவர்கள் அந்தப் பக்கம் தயங்குவார்கள். தேர்தலே நடக்காவிட்டால் வாக்குக்கு மதிப்பு ஏது?

ஊரின் அளவு தடையில்லை என்பதற்கு ஸ்பெயினின் ஐபார் சாட்சி. மக்கள்தொகை சுமார் 27,000. 2011 கணக்கெடுப்பின்படி திண்டிவனத்தில் 72,796 பேர், விழுப்புரத்தில் 96,253 பேர். 2014-ல் முதல் டிவிஷனுக்குத் தகுதி பெற்ற ஐபாரிடம் கடன் இல்லை. ஆனால் விதிப்படி மூலதனத்தை 17 லட்சம் யூரோ உயர்த்தாவிட்டால் கீழே இறக்கிவிடுவோம் என்றார்கள். கிளப் பங்குகளை உலகெங்கும் விற்றுத் தொகையைத் திரட்டியது. பெரும்புள்ளி எவரும் மொத்தமாக வளைத்துவிடாதபடி ஒருவர் வாங்குவதற்கு உச்சவரம்பும் வைத்தது. ஏழு பருவங்கள் முதல் டிவிஷனில் ஆடி 2021-ல் இறங்கியது. ஐபாரின் மக்கள்தொகையைவிட முக்கியம் அது 1940 முதல் இயங்கும் கிளப் என்பதும், கீழிருந்து மேலே ஏற வழியுள்ள லீக் அங்கே இருப்பதும்தான். இங்கே மாவட்டச் சங்கங்களின் லீகுகள் ஆண்டு தவறாமல் நடந்தால்தான் சந்தா கட்டியவருக்குப் பார்க்க ஆட்டம் இருக்கும்.

பணக் கணக்கு மிரட்டுவதாக இல்லை. 2,000 உறுப்பினர்கள், ஆளுக்கு 500 ரூபாய் என்றால் 10 லட்சம். ஐஎஸ்எல் பக்கம் எட்டிப்பார்க்க அது போதாது. பயிற்சியாளர் சம்பளம், பந்து, சட்டை, பூட்ஸ், பயணச் செலவு ஆகியவற்றோடு சிறுவர் அணியும் மகளிர் அணியும் வைத்து மாவட்ட அளவில் ஓர் ஆண்டு நடத்த அது உதவும். இப்போது பல ஊர் அணிகள் ஒரு கடைக்காரரின் நன்கொடையையோ கட்சிக்காரர் ஒருவரின் தயவையோ நம்பி ஓடுகின்றன. தேர்தல் முடிந்தால் சட்டையும் முடிந்துவிடும். சந்தாதாரர்களை நம்பும் அணிக்கு அந்த நிலை இல்லை, எப்ஸ்ஃப்ளீட் போல இரண்டாம் ஆண்டு சந்தா வராமல் போகாதவரை.

துணைவிதி எழுதும்போதே சில பிரிவுகள் தேவை. பெயர், நிறம், ஊர் ஆகியவற்றை மாற்றுவதற்கும் அணியையோ அதன் லீக் இடத்தையோ வேறொருவருக்குக் கொடுப்பதற்கும் நிர்வாகக் குழுவின் கையெழுத்து மட்டும் போதாது, பொதுக்குழுவின் சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்பது முதல் பிரிவு. வாக்களிக்கக் குறைந்தது ஓராண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது. தேர்தலுக்கு முதல் நாள் ஒருவரே இருநூறு பேருக்குச் சந்தா கட்டிக் கூட்டிவருவதை அது தடுக்கும். பெரிய நன்கொடையாளருக்குச் சட்டையில் பெயர் தரலாம், இரண்டாவது வாக்கு தரக்கூடாது என்பது மூன்றாவது. ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்குழுவில் வைத்துப் பதிவாளரிடம் தாக்கல் செய்வது சட்டப்படியே கட்டாயம் என்பதால், அதற்குத் தனிப் பிரிவு தேவைப்படாது.