நவீனத்துவம்: செத்தது எது?

'நவீனத்துவம் செத்துப்போச்சு' என்று தொண்ணூறுகளிலிருந்து நம் சிறுபத்திரிகைகளில் அடிக்கடி எழுதியாகிவிட்டது. சரி, செத்தது எது? ஆங்கிலத்தில் மாடர்னிசம், மாடர்னிட்டி என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. நாம் பெரும்பாலும் ஒரே சொல்லை வைத்து ரெண்டையும் சமாளிக்கிறோம். தலை ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றென்று தோன்றிவிடுகிறது. வித்தியாசமோ வாலில் இருக்கிறது.

'இசம்' ஒரு கோட்பாடு அல்லது இயக்கம். மாடர்னிசம் என்றால் ஜாய்ஸ், எலியட், பிக்காஸோ என்று போகிற கலை இயக்கம். 'இட்டி' ஒரு தன்மை, ஒரு நிலைமை. ரயில், தொழிற்சாலை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற பேச்சு எல்லாம் மாடர்னிட்டியில் அடங்கும். முன்னதை ஏற்கலாம், மறுக்கலாம். பின்னதற்குள் நாம் ஏற்கெனவே இருக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், 'துவம்' என்ற விகுதி தன்மையைக் குறிப்பது. மகத்துவம், சமத்துவம் என்கிறோமே, அப்படி. முதலாளித்துவம் என்று இசத்துக்கும் அதையே ஒட்டிப் பழகியதில் குழப்பம் வலுத்துவிட்டது.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையாகவும் நிற்கக்கூடியவை. 1922இல் 'பாழ்நிலம்' வெளியிட்டு மாடர்னிசத்தின் முகமாகிப்போன எலியட், 1928இல் தன்னை முடியாட்சிவாதி, ஆங்கிலோ-கத்தோலிக்கர் என்று அறிவித்துக்கொண்டார். கவிதையில் நவீனர், நவீன உலகம் அவருக்கு ஆகவில்லை. மாறாக, 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தபோது அவர் துணைக்கு எந்தக் கலை இயக்கமும் வரவில்லை. பொதுக்குளம் எல்லோருக்கும் பொது என்கிற நவீன உரிமைதான் இருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்ததும் அதே வழியில்தான்.

நவீனத்துவம் முடிந்தது என்றால் கவிஞருக்கு ஓர் எழுத்துமுறை போயிற்று, அவ்வளவுதான். சேரியிலிருந்து கேட்பவருக்கு? அந்த 17ஆவது பிரிவு இன்னும் அவர் தெருவுக்கே முழுசாக வந்து சேரவில்லை. 1980இல் ஹேபர்மாஸ் 'முடிவுறாத திட்டம்' என்று சொன்னது மாடர்னிட்டியைத்தான், மாடர்னிசத்தை அல்ல. மாடர்னிட்டியின் காலனிய முகத்தை விமர்சிக்கத்தான் வேண்டும். ஆனால் எதை விமர்சிக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டாமா?

மாடர்னிசத்துக்கு 'நவீனத்துவம்' இருந்துவிட்டுப் போகட்டும். மாடர்னிட்டியை 'நவீன நிலை' என்று சொல்லலாம் என்பது என் கட்சி. வேறு நல்ல சொல் கிடைத்தாலும் சம்மதமே. ரெண்டு சொல் வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.