பந்தயத் துண்டும் பாத்தியதையும்

சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் 2025 ஆகஸ்டில் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறிய நாள் முதலாக, படித்தவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் ஒரே சமாதானம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: மனிதன் எப்படியும் பந்தயம் கட்டத்தான் போகிறான், அதை இருட்டில் கட்டுவதைக் காட்டிலும் வெளிச்சத்தில் கட்டட்டும், அனுமதிப்பத்திரம் இருக்கட்டும், வயது விசாரிக்கப்படட்டும், வரி வரட்டும், ஏமாற்றுகிறவன் தண்டனை பெறட்டும் என்பதே அந்தச் சமாதானம். இதற்குத் துணையாக அமெரிக்காவின் உதாரணமும் காட்டப்படுகிறது. விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த தடைச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 மே மாதத்தில் செல்லாதென்று தீர்த்தபின், முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைச் சட்டபூர்வமாக்கின. அங்கே புதிதாகத் தொடங்குகிறவனுக்குக் கணக்குத் திறப்பது எப்படி, வயதை நிரூபிப்பது எப்படி, முதல் பந்தயத்துக்கான சலுகையைப் பெறுவது எப்படி என்று கைபிடித்துச் சொல்லிக்கொடுக்கும் வழிகாட்டிகள் பெருகின. அதே பாணியிலான அழைப்புகள் இன்று ஹட்டன் பஸ் நிலையத்தில் தலவாக்கலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இளைஞனுடைய கைத்தொலைபேசியிலும் வந்து விழுகின்றன.

சட்டபூர்வமான பந்தயத்துக்குச் சில நன்மைகள் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. வென்றவனுக்குக் காசு கொடுக்காமல் ஓடிப்போகிற கள்ளப் புக்கியைவிட, பெயர்ப்பலகை மாட்டிய கடை மேலானது. தகராறு வந்தால் முறையிட ஓரிடம் வேண்டும் என்பதும் நியாயமே. குதிரையின் வம்சம், ஓட்டியின் அனுபவம், தரையின் ஈரம் ஆகியவற்றை ஆராய்ந்து கட்டுகிறவனுடைய செயல் வெறும் அதிர்ஷ்டமன்று, திறமையும் அதில் உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல், தமிழ்நாட்டு அரசு கிண்டிப் பந்தயத்தை நிறுத்தவும் எடுத்துக்கொள்ளவும் முனைந்த வழக்கில் தீர்ப்பளித்தது. அதையும் ஒப்புக்கொண்டே மேலே செல்கிறேன். அமெரிக்காவில் வழக்கமாக 110 டொலர் வைத்தால்தான் 100 டொலர் வெல்லலாம். ஆகவே நூற்றுக்கு ஐம்பத்திரண்டு முறைக்கு மேல் வெல்லாதவன் நஷ்டமடைந்தே தீர வேண்டும் என்ற கணக்கையும், தொடர்ந்து வெல்லுகிறவனுடைய தொகையைக் கம்பனிகளே குறைத்துக் கட்டுப்படுத்திவிடுகின்றன என்ற செய்தியையும் பிறர் விரிவாக எழுதியிருக்கிறார்கள். என் ஆட்சேபம் வேறு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது என் மனத்தில் கிடக்கிறது.

மலைநாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள சம்பந்தம் பழையது. நுவரெலியாவில் 1875இல் பந்தயத் திடலை அமைத்தவர்கள் வெள்ளைத் துரைமார். ஏப்ரல் சீசனில் ஆளுநர் கிண்ணத்துக்காகக் குதிரைகள் ஓடுகையில், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஜனங்கள் புத்தாடை உடுத்திக் கம்பிவேலிக்கு இப்பால் நின்று பார்ப்பதுண்டு. அது திருவிழா, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வருஷம் முழுவதும் நடப்பது வேறொன்று. 1950களில் கொழும்பில் ஓட்டம் நின்ற பின்னும் பந்தயம் நிற்கவில்லை. குதிரை இங்கிலாந்தில் ஓடிற்று, காசு இங்கே கட்டப்பட்டது. இன்றும் நம் ஊர்களின் ரேஸ் புக்கிகளில் பிற்பகலானால், சுவரில் ஒட்டிய அச்சுத் தாளுக்கு முன்னே தலைகள் நெருங்கி நிற்கும். ஸ்டூலில் அமர்ந்தவர் குட்டைப் பேனாவால் துண்டில் எழுதுவார். கெம்ப்டன், வின்ட்ஸர், நியூமார்க்கட் என்ற பெயர்கள், கொட்டகலை, நோர்வூட் என்பதுபோலச் சகஜமாக வாயில் வரும். கண்டிக்கு அப்பால் போயிராத மனிதர் யோர்க் நகரத்து மழையைப் பற்றிக் கவலைப்படுவதை நான் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கடையின் உட்புறத்தை விவரித்தவர் பலருண்டு. அதற்கு எதிரே, வீதியின் மறுபுறத்தைப் பார்க்கச் சொல்லுகிறேன். சம்பள நாள் பத்தாந் திகதி மாலையில், மூடிய கடையொன்றின் தாழ்வாரத்தில் குடையை ஊன்றிக்கொண்டு இரண்டு மூன்று பெண்கள் நிற்பார்கள். ஒருத்தி இடுப்பில் பிள்ளை. ஒருத்தி கையில் மடித்த வெற்றுப்பை. அவர்கள் உள்ளே வரமாட்டார்கள், கூப்பிடவும் மாட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் கழுத்தை மாத்திரம் நீட்டிப் பார்ப்பார்கள்.

பந்தயத்துக்குப் பரிந்து பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரு வாக்கியத்தில் வந்து இளைப்பாறுகிறார்கள்: இழக்கக்கூடிய அளவே கட்ட வேண்டும், தன் காசைத் தான் செலவிடுவது தனிமனிதனுடைய சுதந்திரம். எந்த வழிகாட்டியிலும் இதுவே முதல் உபதேசம். எந்தச் சட்டத்துக்கும் இதுவே அஸ்திவாரம். இந்த வாக்கியம் நிற்பதற்கு ஒரு நிபந்தனை வேண்டும்: கட்டப்படும் காசு கட்டுகிறவனுடையதாக இருக்க வேண்டும். நியூ ஜேர்ஸியில் தனி வீட்டில் தனிக் கணக்கு வைத்துத் தன் சம்பளத்தைத் தானே உண்டு வாழ்கிற ஒருவனைப் பற்றி அப்படிச் சொல்லலாமோ என்னவோ, லயத்துக் காம்பராவில் வாழும் குடும்பத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

தோட்டத்துச் சம்பளத்தின் கதை இதை விளங்க வைக்கும். அதிகாலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, மலையேறி, மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளந்தான். ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் அவர்களுக்குக் கிடைத்ததே 1984இல்தான். அதன் பின்னும் பல தோட்டங்களில் அந்தச் சம்பளத்தை எண்ணி வாங்குகிற கை புருஷனுடையதாகவோ தகப்பனுடையதாகவோ இருந்துவந்தது. அவள் ஒப்பமிட்டாலும் வாங்கினவன் அவன். இன்று சம்பளம் வங்கிக்குப் போகிறதென்கிறார்கள். அட்டையும் அதன் இரகசிய இலக்கமும் யாரிடம் இருக்கின்றனவென்று ஒவ்வொரு லயத்திலும் விசாரித்துப் பார்த்தால் பழைய கதை எவ்வளவு மாறியிருக்கிறதென்பது தெரியும். 1350 ரூபாவாக இருந்த நாட்சம்பளத்தை 1550 ஆக்கி, வருகைக்காக இன்னொரு 200 ரூபாவை அரசாங்கமே சேர்க்கும் என்று 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் அறிவித்தபோது நாம் சந்தோஷப்பட்டோம். அந்த 200 ரூபாவுக்காக எத்தனை வருஷம் எத்தனை பேர் வீதியில் நின்றார்கள்! ஒரு துண்டில் அது போவதற்கு இரண்டு நிமிஷமும் வேண்டாம்.

மலைநாட்டில் மாசி, பங்குனி மாதங்களில் விடிய விடிய அருச்சுனன் தபசு ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்; தபசுக்கு அருச்சுனன் மலையேற நேர்ந்ததன் காரணம் சூதுச் சபையில் தோற்றதுதான் என்பது நமக்குத் தெரியும். சூதாடுவது பாவமா அல்லவா என்று அந்தச் சபையில் திரௌபதி தர்க்கம் செய்யவில்லை. என் கணவன் தன்னைத் தோற்றபின் என்னைப் பணயம் வைத்தானா, அதற்கு முன்னா என்று கேட்டாள். அது பாத்தியதையைப் பற்றிய கேள்வி; வைப்பதற்கு உனக்கு ஏது உரிமை என்ற கேள்வி. தருமம் அறிந்த பீஷ்மரே விடை தெரியாமல் திகைத்த அந்தக் கேள்வியை, நம் காலத்துச் சட்டங்கள் கேட்கவே மறந்துவிட்டன.

கேட்கத் தெரியாதென்று சொல்ல முடியாது. சட்டத்துக்கு நுணுக்கமாகப் பார்க்கத் தெரியும். 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கப் பந்தய அறவீட்டுச் சட்டம், நேரடி ஒளிபரப்பு உள்ள கடைக்கு ஒரு தொகையும், இல்லாத கடைக்கு வேறொரு தொகையும் விதிக்கிற வழியில் வந்தது. கண்ணெதிரே குதிரை ஓடினால் கை வேகமாகப் பைக்குள் போகும், வியாபாரம் பெருகும் என்பதை அறிந்து, அந்தப் பெருக்கத்தில் திறைசேரிக்குரிய பங்கை அளந்து வாங்குகிற அளவுக்கு, கடைக்குள்ளே தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்த சட்டம், திரும்பி நின்று எதிர்த் தாழ்வாரத்தைப் பார்க்கவில்லை. அனுமதிப்பத்திரக்காரர் வாடிக்கையாளனுடைய அடையாள அட்டையைப் பார்க்கலாம், வயதைப் பார்க்கலாம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 21 வயது ஆகியிருக்க வேண்டுமென்று பார்க்கிறார்கள். ஆளுக்கு வயது பார்க்கிற எந்த நாடும் காசுக்கு உரியவர் யாரென்று பார்ப்பதில்லை என்று எழுத வந்தேன். ஆனால் அது முற்றும் சரியன்று. பிரித்தானியா 2020 ஏப்ரலில் கடனட்டை கொண்டு சூதாடுவதைத் தடை செய்தது. தன்னுடையதல்லாத காசு என்ற ஒன்று உண்டென்று அந்த அளவுக்கேனும் ஏற்றுக்கொண்டது. நம்மவர்கள் நிறைய வாழும் சிங்கப்பூர் அதற்கும் ஒரு படி மேலே போயிற்று: அங்கே மனைவியோ தகப்பனோ பிள்ளையோ மனுச் செய்து, தம் குடும்பத்தவர் ஒருவர் கெசினோவுக்குள் நுழையாதபடி விலக்கு ஆணை பெறலாம், அதற்கும் மேலாக, உள்ளே போகிற பிரஜை ஒருவர் ஒரு நாளுக்குக் கட்ட வேண்டிய நுழைவுக் கட்டணத்தை 2019இல் 150 டொலராக உயர்த்தினார்கள். சூதாட்டத்தால் வருமானம் தேடிய ஒரு சர்க்கார்தான் இதைச் செய்தது. ஆகவே குடும்பத்தின் குரலைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது அசாத்தியம் என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். தாழ்வாரத்தில் நிற்கிறவளுக்கு ஒரு மனு எழுதும் உரிமையைக்கூட, ஒவ்வொரு புக்கிக்கும் ஒவ்வொரு கைத்தொலைபேசிக் கணக்குக்கும் எதிராகக் கொடுக்காத ஒழுங்குமுறை, வியாபாரியையும் வாடிக்கையாளனையும் மாத்திரம் ஒழுங்குபடுத்துகிறது. காசு கொடுக்கிற மூன்றாமவரை அது அறியாது.

இது புருஷன் பெண்சாதி விவகாரம், சட்டம் இதில் தலையிடலாமா என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். தவறணையைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினார்கள். சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது வீட்டு விவகாரம் என்றால், சம்பள நாளைக் கணக்கிட்டு வியாபாரத்தைப் பெருக்குவது எந்த விவகாரம்? முதல் பந்தயம் இலவசம் என்று சொல்லி இருபத்திரண்டு வயதுப் பையனை அழைப்பது எந்த விவகாரம்? பெண்களும் கட்டுகிறார்களே என்றும் அவர் சொன்னார். கட்டுகிறவர்கள் இருக்கலாம். நான் அறிந்த பெண்கள் சீட்டுப் பிடிக்கிறார்கள்: இருபது பேர் சேர்ந்து, மாதாமாதம் பணம் போட்டு, ஆளுக்கொரு மாதம் எடுத்து, பிள்ளையின் பள்ளிச் சப்பாத்தையும் கூரைத் தகரத்தையும் வாங்கும் அந்தச் சீட்டில், ஒவ்வொருத்தியின் பெயரும் கொப்பியில் இருக்கும், ஒவ்வொருத்திக்கும் முறை வரும். அனுமதிப்பத்திரம் எதுவும் இல்லாத அந்த ஏற்பாடு, பாத்தியதை என்பதை நம் பாராளுமன்றத்தைவிடத் தெளிவாக அறிந்திருக்கிறது.

துண்டு என்ற சொல்லை நான் வேண்டுமென்றே மேலே பயன்படுத்தினேன். கங்காணிமார் காலத்தில் ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். அவன் தலைமேல் உள்ள கடன் இவ்வளவென்றும், அதைத் தீர்த்தால் ஆளை விடுகிறோமென்றும் எழுதிய காகிதம் அது. கடனே மனிதனுடைய விலையாக இருந்த அந்த முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. அதே சொல், வேறொரு காகிதமாகச் சட்டைப் பைகளில் திரும்பி வந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த பிள்ளையொன்றின் தாய், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றாள். துணி துவைக்கையில் புருஷனுடைய சட்டைப் பையில் கிடைத்ததென்று, நான்காக மடித்த காகிதத்தை நீட்டினாள். சோப்பு நுரை பட்டு ஓரம் ஊறியிருந்தது. “மாஸ்டர், இது ஆஸ்பத்திரித் துண்டா? அவருக்கு ஏதும் சொகமில்லாம மறைக்கிறாரோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல” என்றாள். ஆங்கிலத்தில் ஓர் ஊரின் பெயர், ஒரு நேரம், ஒரு குதிரையின் பெயர், கீழே 2000 என்ற எண். வியாதியல்ல அம்மா என்று சொன்னேன். என்னவென்றும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான். பிறகு அந்த எண்ணின் மேல் விரலை வைத்து, எவ்வளவென்று இன்னொரு தரம் கேட்டாள். சொன்னேன். “பதினஞ்சாந் திகதி கட்டுற சீட்டுக் காசு” என்றாள். காகிதத்தைப் பழைய மடிப்பின்படியே மடித்து, ஈரம் உலர உள்ளங்கையால் ஒரு தரம் அழுத்தினாள். “நான் கொண்டாந்து காட்டினதாச் சொல்லிறாதீங்க மாஸ்டர். சட்டைப் பையிலயே வச்சிடுறேன்.”